வாரியத்தாருக்கு வைத்த பாடம்

"எங்க ஏரி வாரியத்துக்காரர் வயலுக்கு மட்டும் மடை தானாவே திறந்துக்குது அக்கா!"

ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி இப்படிச் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பக்கமாகப் பல்லக்கில் போன மன்னரின் காதில் அது விழுந்தது. வெகு காலத்துக்கு முன் பூம்பொழில் நாட்டை ஆண்ட வீரவேள்தான் அவர். அவருக்குக் கோபம் வந்தால் நாட்டுக்கே காய்ச்சல் வரும்.

அன்றே ஆணை பிறந்தது. சம்பளம் வாங்கும் ஊர் அலுவலர்களும், சம்பளமில்லாமல், தண்ணீரைப் பங்கிடும் ஏரி வாரியத்தில் பணி செய்பவர்களும் அரண்மனைக்கு வந்து நேர்மை படிக்க வேண்டும். தேறாதவர் குடும்பத்தோடு நாட்டை விட்டே போக வேண்டும்.

பாடம் நடத்த முந்திக்கொண்டவர் அவைப்புலவர் மதிவாணர். அமைச்சர் சாத்தனாரின் பேச்சைத்தான் மன்னர் கேட்கிறார் என்று அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். நெறிகளையெல்லாம் பாட்டாக்கிச் சொல்லிக் கொடுத்தார். எல்லோரும் கிளிபோல ஒப்பித்தார்கள். செவ்வேரி வாரியத்து வேம்பிக்கு மட்டும், அவை நடுவில் நின்றதும் முதல் அடியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது.

"பாட்டே வரவில்லை, நேர்மை எங்கிருந்து வரும்?" என்றார் மதிவாணர். "பொழுது சாய்வதற்குள் வெளியேறட்டும், அரசே!"

"கைக்குழந்தை இருக்கு சாமி..." என்று கெஞ்சினாள் வேம்பி.

மன்னர் செங்கோலைக் கையில் எடுத்தார். அதைத் தரையில் தட்டிவிட்டால் தீர்ப்பு உறுதி.

"அரசே, ஒரு சிறு வேலை. அதை முடித்துவிட்டுத் தட்டலாமே" என்றார் சாத்தனார்.

"அப்படியென்ன அவசரம்?"

"பயிர் காய்கிறது. மலையோடைத் தண்ணீரை முதலில் செவ்வேரிக்குத் திருப்புவதா, கருங்குளத்துக்கா? இரண்டு வாரியத்தாரும் இங்கேயே இருக்கிறார்கள். கேட்டுவிடலாம்."

"செவ்வேரிக்கு!" "கருங்குளத்துக்கு!" என்று ஒரே கூச்சல். அதையும் மீறி மதிவாணர் கத்தினார். "செவ்வேரிக்குத்தான்! என் தென்னந்தோப்பு வாடுகிறது!"

அந்த இரைச்சலில் வேம்பி மெல்ல வாசலை நோக்கி நடந்தாள். காவலர்கள் ஈட்டிகளைக் குறுக்கே நீட்டினார்கள்.

"ஓடப் பார்க்கிறாள்!" என்றார் மதிவாணர்.

மன்னர் செங்கோலை ஓங்கினார். "எங்கே போகிறாய்?"

"என் வயலும் செவ்வேரிப் பாசனம்தான் சாமி. அந்தப் பேச்சு நடக்கும்போது நான் உள்ளே இருக்கக் கூடாது. எங்க வாரியத்திலயும் எழுந்து வெளியேதான் நிற்பேன். பேசி முடிச்சதும் கூப்பிடுங்க, தண்டனைக்கு வந்துடறேன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

சாத்தனார் திரும்பினார். "புலவரே, தன் நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போக வேண்டும் என்று ஒரு பாட்டு உண்டே. எழுதியது யார்?"

மதிவாணர் வாயைத் திறந்தார். இப்போது அவர் நாக்கும் ஒட்டிக்கொண்டது.

காவலர்கள் ஈட்டிகளை விலக்க, வேம்பி வெளியே போய் நின்றாள். வாரியத்தார் ஒவ்வொருவராக எழுந்து, தலை குனிந்தபடி வெளியேறினார்கள். கடைசியாக மதிவாணர் போனார்.

மன்னர் செங்கோலைக் கீழே வைத்தார். "இனி வேம்பி பாடம் நடத்தட்டும். மதிவாணர் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். சரி, தண்ணீரை எந்த ஏரிக்கு விடலாம்?"

"எனக்கு இரண்டு பக்கமும் நிலமில்லை, சொல்கிறேன் அரசே. ஆனால்..." சாத்தனார் தொண்டையைச் செருமினார். "தங்கள் மல்லிகைத் தோட்டத்துக்கு எந்த ஏரித் தண்ணீர் பாய்கிறது?"

மன்னர் அவரை முறைத்தார். பிறகு சிம்மாசனத்திலிருந்து இறங்கி, மண்டபத்தைக் கடந்து, வாசலுக்கு வெளியே வேம்பியின் பக்கத்தில் போய் நின்றார்.