நாற்பத்து நான்காவது அஞ்சலி

பேராசிரியர் சொர்ணபாய் ஐசக் காலமானார் என்று முன்னாள் மாணவர் மடலில் செய்தி வந்த அன்று, அவர் தன் வீட்டில் உட்கார்ந்து மிக்சியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு எண்பத்து நான்கு வயது. புனித யாக்கோபு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் முப்பத்தோரு வருடம் இயற்பியல் நடத்தியவர். இறந்தவர் வேறொரு சொர்ணபாய், வரலாற்றுத் துறைக்காரர். பெங்களூரில் மகள் வீட்டில் காலமாகியிருந்தார். 'நம்ம சொர்ணபாய் மேடம் போயிட்டாங்க' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. மடலைத் தயாரிக்கும் எபனேசர் அதற்குமேல் யாரையும் விசாரிக்கவில்லை. குழுவில் அஞ்சலி கேட்டார். இரண்டே நாளில் வந்து குவிந்தது. அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

எபனேசர் சொர்ணபாயின் மாணவர். இப்போது அதே துறையில் பேராசிரியர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். மடல் வெளியான மறுநாள் காலை, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பழம் எனக்கா, கல்லறைக்கா?" என்று கேட்டார் சொர்ணபாய்.

"மன்னிச்சிடுங்க, மேடம்."

"அதெல்லாம் அப்புறம். குருவானவர் விடியறதுக்குள்ள வந்துட்டார். அடக்க ஆராதனை எத்தனை மணிக்குன்னு என்கிட்டயே கேட்டார். எனக்கு யாரும் சொல்லலைன்னு அனுப்பினேன். உட்காரு."

மேசையில் மடல் விரிந்து கிடந்தது. பக்கத்தில் சிவப்புப் பேனா. ஒவ்வொரு அஞ்சலிக்குக் கீழும் மதிப்பெண் போட்டிருந்தது. பத்துக்கு இரண்டு. பத்துக்கு ஒன்றரை. ஒன்றில் வட்டமிட்ட பூஜ்யம்.

"'அன்பே உருவானவர்.' யார் இது?"

"நீங்கதான், மேடம்."

"பதினேழு பேர் இதையே எழுதியிருக்கான். ஒருத்தனைப் பார்த்து இன்னொருத்தன். பரீட்சையிலும் இதைத்தான் பண்ணினான்."

எபனேசர் தலை குனிந்துகொண்டார்.

"'புன்னகை மாறாத முகம்.' லேப்ல நான் சிரிச்சு நீ பார்த்திருக்கியா?"

எபனேசர் ஆரஞ்சுப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"கேட்கிறேன்ல? பார்த்திருக்கியா?"

"இல்லை, மேடம்."

"பின்னே எதுக்கு அச்சடிச்சே?"

எபனேசரின் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அணைத்தார். "துணைவேந்தர். காலையிலிருந்து நாலாவது தடவை. சென்னைக் கிளை நினைவுக் கூட்டத்துக்கு மண்டபம் பேசிட்டாங்க. டல்லாஸ்ல ஒருத்தர் உங்க பேர்ல தங்கப் பதக்கம் வைக்கணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறார். மறுப்புப் போடணும், மேடம். வெறுமனே 'வருந்துகிறோம்'னு போட்டா என்னைக் கிழிச்சிடுவாங்க. உங்களைப் பத்தி நான் என்ன எழுதட்டும்?"

சொர்ணபாய் மடலைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார்.

"தலைப்புல 'வந்து குவிந்த நாற்பத்து நான்கு அஞ்சலிகள்'னு போட்டிருக்கே. எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்கே?"

எபனேசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"அது அஞ்சலிப் பக்கத்துக்குச் சரிவராது, மேடம்."

"வாசி."

"வேண்டாம், மேடம்."

"வாசின்னு சொன்னேன்."

அவர் போனில் தேடி எடுத்து, தாழ்ந்த குரலில் வாசித்தார்.

'என் பெயர் லில்லி கனகமணி. மூன்றாம் ஆண்டு செய்முறை வகுப்பில் என் மேசையில் இருந்த, மின்னோட்டம் அளக்கும் கால்வனாமீட்டர் கருகிப் போயிருந்தது. நான் தொடும் முன்பே அப்படித்தான் இருந்தது. மேடம் நம்பவில்லை. எல்லோர் முன்னாலும் பொய்க்காரி என்றார். அந்தப் பருவம் முழுவதும் என்னை ஆய்வகத்துக்குள் விடவில்லை. செய்முறை மதிப்பெண் போயிற்று. எம்.எஸ்சி. இடமும் கிடைக்கவில்லை. இப்போது சுரண்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நான் எரிக்கவில்லை என்று என்றாவது மேடத்தை நேரில் பார்த்துச் சொல்ல நினைத்திருந்தேன். முப்பத்தெட்டு வருடம் தள்ளிப்போட்டுவிட்டேன். இனி யாரிடம் சொல்ல?'

சொர்ணபாய் சிவப்புப் பேனாவை எடுத்தார். மூடியைப் போட்டு ஓரமாக வைத்தார்.

"இந்தப் பொண்ணோட முகமே எனக்கு ஞாபகம் வரலை" என்றார்.

எழுந்தார்.

"கார்லதானே வந்தே?"

"ஆமாம், மேடம். ஆனா மறுப்பு..."

"பழத்தையும் எடுத்துக்கோ."

சுரண்டை போய்ச் சேர ஒன்றரை மணி நேரமானது. வழியெல்லாம் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் மறுப்பு இணையதளத்தில் ஏறியாக வேண்டும் என்று எபனேசர் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் சொர்ணபாய், "ரோட்டைப் பாரு" என்றார்.

விசாரித்துக் கண்டுபிடித்த பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரம். ஆசிரியர் அறையில் லில்லி டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வாசலில் நின்றவரைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பூன் அந்தரத்தில் நின்றது.

"மேடம்... நீங்க..."

"சாகலை. இவன் விசாரிக்காம போட்டுட்டான்."

லில்லி எபனேசரைப் பார்த்தார். "நம்ம பேட்ச் எபனேசரா?"

எபனேசர் தலையை அசைத்தார். ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

சொர்ணபாய் உட்காரவில்லை.

"இனி யாரிடம் சொல்லன்னு எழுதியிருந்தே. வந்திருக்கேன். சொல்லு."

லில்லி தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

"நான் எரிக்கலை, மேடம்."

"சரி."

"நான் எரிக்கலை. நான் தொடவே இல்லை."

"சரி. நான் விசாரிச்சிருக்கணும். விசாரிக்காம உன்னைப் பொய்க்காரின்னு சொன்னேன். தப்பு என்னோடது."

லில்லி டிபன் பாக்ஸை மூடினார். பாதிகூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

"எம்.எஸ்சி. படிக்கணும்னு ரொம்ப ஆசை இருந்தது, மேடம்."

சொர்ணபாய் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

மணி அடித்தது. லில்லி சாக்பீஸ் டப்பாவையும் வருகைப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டார்.

"எனக்கு க்ளாஸ் இருக்கு" என்றார். போய்விட்டார். போய் வாருங்கள் என்று சொல்லவில்லை. ஆரஞ்சுப் பை மேசையிலேயே கிடந்தது.

இருவரும் காரில் ஏறினார்கள். காற்றாலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

"அவ உங்களை மன்னிச்சிட்டாளா, மேடம்?"

"அது அவ பாடு. உனக்கென்ன?"

இன்னும் கொஞ்ச தூரம் போனார்கள். எபனேசர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"மேடம், அன்னைக்கு நான் பக்கத்து மேசை."

சொர்ணபாய் திரும்பிப் பார்த்தார்.

"நான் சீக்கிரமே வந்திருந்தேன்; எங்களுக்கு முந்தி லேப் பண்ணின பையன் ஒருத்தன் மீட்டருக்கு வயரை மாத்திக் கொடுத்தான். கருகின வாசனை எனக்கே வந்துச்சு. மீட்டரை லில்லி மேசையில வைச்சிட்டு நழுவிட்டான். நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"பயம், மேடம்."

"அவனுக்குப் பயந்தா?"

"இல்லை. உங்களுக்கு."

சொர்ணபாய் கண்ணாடியைக் கழற்றினார். புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் மாட்டிக்கொள்ளவில்லை.

"அதனாலதான் அந்தக் கடிதத்தைப் போடலையா?"

"ஆமாம்."

"இப்ப அவ முன்னாடி நின்னியே. அங்கேயும் ஏன் வாயைத் திறக்கலை?"

போன் மறுபடி அடித்தது. அது அடித்து ஓயும்வரை எபனேசர் காத்திருந்தார். பிறகு அவருக்கே பொறுக்கவில்லை.

"அது இருக்கட்டும், மேடம். மணி ரெண்டாகப் போகுது. துணைவேந்தருக்கு ஏதாவது பதில் சொல்லணும். ரெண்டாயிரம் பேருக்கு மடல் போயிருக்கு. நான் என்னதான் எழுதறது? அதையாவது சொல்லுங்க."

"வண்டியைத் திருப்பு."

"மேடம்?"

"ஸ்கூல் நாலு மணிக்குத்தான் விடும். இந்தத் தடவை நான் உள்ளே வரமாட்டேன்."