படத்தைச் சுற்றிக் கொடுத்தவர்கள்

மூளையைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் அப்படிப் பன்னிரண்டு பேர் ஒரே வரிசையில் குடியிருந்தார்கள்.

தியேட்டர் என்றால் ஆளுக்கொரு டிக்கெட். வீடியோ டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து விடுதி டிவியில் போட்டால் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வாடகை. இந்த யோசனையைச் சொன்னவன் சேவுகன். அதனால் கடைக்குப் போகும் வேலையும் அவன் தலையிலேயே விழுந்தது.

கேசட் கடை பூமிநாதன் அடமானம் இல்லாமல் மாணவர்களுக்கு எதையும் தரமாட்டார். சேவுகனிடம் இருந்த ஒரே உருப்படியான பொருள் மறுநாள் பரீட்சைக்கான ஹால் டிக்கெட். அதை வாங்கி மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்.

"ஆறு மணிக்குச் சாத்திருவேன், நாளைக்குக் கடை லீவு. டிவியில கோடு கோடா வந்தா ஹெட்டத் தொடைங்க. படத்தைக் குடுக்கும்போது சுத்திக் குடுக்கணும். சுத்தாமக் கொண்டாந்தா ஹால் டிக்கெட்ட மறந்துரு."

மறுநாள் பரீட்சை சேவுகனுக்குப் புதிதல்ல. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்ட பாடம் அது. இந்தத் தடவையும் போனால் சித்தப்பாவின் செங்கல் சூளைக்கு அனுப்பிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார்.

படம் தொடங்கி முதல் சண்டை வருவதற்குள் திரை முழுக்கக் கோடு. டெக்குக்குள் நாடா உரசும் பாகத்துக்கும் ஹெட் என்றுதான் பெயர் என்பது தெரியாமல், பன்னிரண்டு பேரும் துண்டை எடுத்து அவரவர் தலையைத் துடைத்தார்கள். கோடு போகவில்லை.

"எண்ணெய்ப் பிசுக்குடா," என்றான் ஆரோக்கியம். உடனே குழாயடிக்குப் போய்ச் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு வந்தார்கள். கோடு இரண்டு கூடியிருந்தது.

காஜா நிதானமாக யோசித்தான். "நம்ம தலையத் தலைன்னுதான சொல்லுவோம்? காலேஜுல ஹெட்டுன்னா ஒருத்தருதான்."

அவர் துறைத் தலைவர். 'ஹெட் வர்றாரு' என்றால் வராந்தாவே காலியாகும். மைதானத்துக்கு அந்தப் பக்கம் தன் வீட்டு வாசலில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தலை முழு வழுக்கை. ஹால் டிக்கெட் யாருடையதோ அவன்தான் போகவேண்டும் என்று தீர்ப்பானது. சேவுகன் துண்டோடு போய், காதோரம் வரை அழுத்தித் துடைத்தான்.

"யார்றா அது?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

"தூங்குங்க சார். படம் தெளிவாத் தெரியணும், அவ்வளவுதான்."

அவர் கனவு என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சேவுகன் விடுதிக்கு ஓடி வந்தால், குறைந்திருந்த கரண்ட் சரியாகிப் படம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.

"பின்னங்கழுத்தையும் தொடச்சியா?" என்று ஆரோக்கியம் மரியாதையோடு கேட்டான்.

ஐந்து மணிக்குப் படம் முடிந்தது. அடுத்த விவாதம் தொடங்கியது.

"எதைச் சுத்துறது?"

"கோயிலச் சுத்தணும்னா கோயில்னு சொல்லியிருப்பாரு. கடையில நின்னுல்ல சொன்னாரு? கடையத்தான்."

டெக்கைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, கேசட்டைச் சேவுகன் தலையில் வைத்து, பின்னால் பதினொரு பேரும் கைகூப்பி வர, கடையை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். பூமிநாதன் கேசட்டைப் போட்டுப் பார்த்தார். கடைசிக் காட்சிதான் வந்தது.

"சுத்தவே இல்லையேடா!"

"மூணு சுத்துச் சுத்துனோமேண்ணே!"

"என்னத்தச் சுத்துனீங்க? பின்னாடி சுத்தணும்டா!"

சேவுகனுக்குத் தன் தவறு புரிந்தது. பன்னிரண்டு பேரும் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார்கள். காஜா சாக்கடையில் விழுந்தான். ஆரோக்கியம் டீக்கடை பெஞ்சை அதில் உட்கார்ந்திருந்தவரோடு சாய்த்தான். அதற்குள் பூமிநாதனே மிஷினில் கேசட்டை முதல் காட்சி வரை பின்னோக்கிச் சுற்றி முடித்து, ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.

"கும்பிடுறேன் சாமி. வாங்கிட்டு ஓடிரு."

சேவுகன் கையை நீட்டவில்லை. ஹால் டிக்கெட்டின் மூலையில் ஒட்டியிருந்த தன் போட்டோவையே பார்த்தான்.

"இதுலயும் படம் இருக்கேண்ணே."

"அதுக்கு?"

"படத்தைக் குடுக்கும்போது சுத்தித்தான குடுக்கணும்? சும்மா வாங்கிட்டுப் போயி, நாளைக்கு நான் ஃபெயிலாயிட்டா?"

பதினொரு பேரும் நியாயம்தான் என்று தலையாட்டி, வாசலை அடைத்து உட்கார்ந்துவிட்டார்கள். மணி ஆறைத் தாண்டியது. ஆறரையும் ஆனது. ஷட்டரை இறக்க வழியில்லை.

பூமிநாதன் வேட்டியை மடித்துக் கட்டினார். ஹால் டிக்கெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"பின்னாடிதானே?" என்று கேட்டார்.