மாசானத்துக்காக வாய் திறந்த சடைச்சி

ஒரு ஊருல ஒரு லாடக்காரர் இருந்தாராம், மாசானம்னு பேரு. சுத்தியலும் ஆணியும் பையில போட்டுக்கிட்டு ஊர் ஊராப் போயி மாட்டுக்கு லாடம் அடிப்பாரு. லாடம்னா தெரியும்ல? குளம்பு தேயாம இருக்க அடிக்கிற இரும்புத் தகடு, அதான்.

ஒருநாள் விடிஞ்சப்ப கட்டுத்தறியில நின்ன ராசாவோட குதிரை, வெயில் ஏறினப்போ காணோம். காவல் தலைவன் கொம்பையா இருக்கானே, பொழுது சாயறதுக்குள்ள கள்ளனைக் கொண்டாந்து நிறுத்துறேன்னு ராசாகிட்ட சொல்லிட்டான். சொல்லிட்டுத் தேடினான், தேடினான், தேடினான், ஒருத்தனும் அகப்படல. அப்புறம் பார்த்தா, சந்தையில நம்ம மாசானம் ஒரு காளையப் படுக்கப் போட்டு லாடம் அடிச்சுக்கிட்டிருக்காரு. பக்கத்துல கயிறு கிடக்கு. இவன்தான்னு முடிவு பண்ணிட்டான்.

பேரு கேட்டானா? கேக்கல. ஊரு கேட்டானா? கேக்கல. காலையில எங்க இருந்தேன்னு கேட்டானா? அதுவும் கேக்கல. மூணு சேவகர் பாய்ஞ்சு அவரைக் குப்புறத் தள்ளி, முதுகுல முழங்காலை ஊனி, கையை முறுக்கினாங்க.

"ஐயா, கட்டுறதுன்னா கட்டுங்க, நான் வர்றேன். கையை மட்டும் விட்ருங்கய்யா, அதுதான் எனக்குச் சோறு"ன்னாரு மாசானம்.

கொம்பையா தடியை எடுத்து அந்த வலது கையிலயே போட்டான். எலும்பு முறிஞ்சு போச்சு. சந்தையில அத்தனை பேரு நின்னாங்க, ஒருத்தரும் வாயத் திறக்கல. பயம், வேற என்ன.

அந்தக் காளைக்குச் சொந்தக்காரி சடைச்சின்னு ஒருத்தி, தனியா வண்டி ஓட்டிப் பொழைக்கிறவ. விடிஞ்சதுலேருந்து இவரு என் காளைங்ககிட்டதான் இருக்காருன்னு கொம்பையாகிட்ட சொன்னா. தள்ளிவிட்டான். மாசானத்தை அரண்மனைக்கு இழுத்துக்கிட்டுப் போனாங்க, அவ பின்னாலயே போயி அரண்மனை வாசக் காவக்காரன்கிட்ட சொன்னா. அவனும் தள்ளிவிட்டான். அவ நகரல, வெயில்ல அப்படியே நின்னு, ராசா வெளிய வந்ததும் அவருகிட்டயும் அதையே சொன்னா. சொல்லிக்கிட்டிருக்கும்போதே குதிரைக்காரன் ஓடி வந்தான். கயிறு அவுந்துபோன குதிரை ஏரிக்குள்ள புல்லு மேய்ஞ்சுக்கிட்டு நிக்குதாம், யாரும் திருடவே இல்லியாம்.

ராசா கொம்பையாவைப் பார்த்தாரு. "இவரு உன்னை எதிர்த்தாரா?"

"இல்ல மகாராசா."

"ஓடினாரா?"

"இல்ல மகாராசா."

"அப்ப கை ஏன் முறிஞ்சது?"

ராசா கிட்ட வந்து, என் ஆளு செஞ்சது நான் செஞ்ச மாதிரின்னு மாசானத்தைக் கும்பிட்டாரு. அரண்மனை வைத்தியரை விட்டே கட்டுப் போட வச்சாரு. கொம்பையாவுக்கு வேலை போச்சு. கை கூடினப்புறம் ஒரு வருசத்துக்கு மாசானம் பின்னால பையைச் சுமந்துபோயி மாட்டுக் காலைப் பிடிக்கணும்னு தீர்ப்பு. அவன் உதை வாங்காத மாடே இல்லேன்னு வச்சுக்கோங்களேன்.

கை கூடிச்சு, ஆனா பழைய மாதிரி நிமிரல. மாசானம் இடது கையால அடிக்கப் பழகினாரு. பழகினதும் நேரா சடைச்சி வீட்டுக்குத்தான் போனாரு.

"தாயி, கை வலிக்கிறப்போ எல்லாம் அடிச்சவன் நெனப்பு வரல எனக்கு. நீ வந்து நின்னியே, அதுதான் வருது"ன்னாரு.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சுண்ணே. ஆனா பார்த்தவ நானாச்சே"ன்னா சடைச்சி. ரெண்டு பேரும் அழுதாங்க.

அந்த மாதிரி ஒருத்தி எல்லா ஊருலயும் இருக்கணும் கண்ணுங்களா. அவ புண்ணியத்துல மாசானம் பொழைச்சாரு, கதையும் நம்ம வரைக்கும் வந்து சேர்ந்துச்சு.