வெள்ளச்சியின் மீன்களை எண்ணிய நாரை

சளக்... சளக்...

ஒரு காட்டில், பொழுது புலரும் முன்பே ஆற்றின் மேல் இந்தச் சத்தம்தான் கேட்டது. மூடுபனியில் ஆறும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. நீரில் நின்றிருந்த நெடுங்காலன் என்னும் சாம்பல் நாரைக்கு மட்டும் அது யார் போடும் சத்தம் என்று தெரியும். தெரிந்ததால்தான் அதன் கழுத்து விறைத்தது.

பனி விலகியது. ஆற்றின் கீழ்ப்பக்கம், கூழாங்கல் பரப்பில், வெள்ளச்சி என்ற சின்னக் கொக்கு நின்றிருந்தது. கறுத்த கால், மஞ்சள் பாதம். அந்தப் பாதத்தை நீருக்குள் நடுக்கி நடுக்கிக் கல்லிடுக்கைக் கிளறும். ஒளிந்திருக்கும் பொடிமீன் பதறி வெளியே வரும். சளக். அலகுக்குள் போய்விடும்.

நெடுங்காலன் மீன் பிடிக்கும் விதம் வேறு, குழந்தைகளே. ஆற்றின் நடுவே யானை படுத்ததுபோல் ஒரு பாறை. பாய்ந்து வரும் நீர் அதில் மோதிப் பிரிந்து, பின்புறம் வந்து சற்று ஓய்ந்து சுழலும். எதிர்நீரில் களைத்த பெரிய மீன்கள் அந்த நிழலில் இளைப்பாற வரும். அங்கே நெடுங்காலன் பட்டமரம்போல அசையாமல் நிற்கும். ஒரு நாளைக்கு ஒரே மீன். அந்த ஒன்று குடும்பத்துக்கே போதும்.

மூன்று குஞ்சுகளில் கடைக்குட்டிக்கு இரண்டு நாளாக வயிறு நிறையவில்லை, கழுத்துகூட நிற்கவில்லை, இன்றும் வெறும் அலகோடு வந்தால் அது தாங்காது என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தது. நெடுங்காலனும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தது. அந்த இரண்டு நாளும் ஏன் மீன் அகப்படவில்லை என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

சளக் என்று கேட்டால் அதற்குக் கண் நீரில் நிற்பதில்லை. அதுதான் காரணம்.

'நான்கு' என்று எண்ணியது. 'ஐந்து. என் காலில் பாதி உயரம் இல்லை. நேற்று முட்டையை உடைத்துக்கொண்டு வந்தவள். நான் நின்று நின்று கால் மரத்துப் போகிறேன். இவள் கூத்தாடிக்கொண்டே தின்கிறாள். ஆறு.'

அப்போது பெரிய கெண்டை ஒன்று பாறை நிழலுக்கு வந்தது. நெடுங்காலனின் இரண்டு கால்களுக்கும் நடுவே நின்று செவுளை அசைத்தது. நெடுங்காலன் கீழ்ப்பக்கம் பார்த்து 'ஏழு' என்றது. வால் காலில் உரசிய பிறகுதான் குனிந்தது. கெண்டை பாறை இடுக்குக்குள் போய்விட்டது.

வெயில் ஏறியது.

"என்ன அண்ணே, இன்னும் ஒண்ணும் மாட்டலையா?" என்று வெள்ளச்சி கேட்டது. "இந்தப் பக்கம் வாங்களேன், நிறையக் கிடக்கு."

நல்ல மனசோடுதான் கேட்டது. நெடுங்காலனுக்குச் சுருக்கென்றது. "நான் பொடிமீன் தின்பதில்லை."

"அதுவும் சரிதான். உங்க கழுத்து நீளத்துக்கு, பொடிமீன் வயித்துக்குப் போறதுக்குள்ள வழி தவறிடும்" என்று சிரித்துவிட்டு வெள்ளச்சி மறுபடி பாதத்தை நடுக்கியது. சளக்.

பதினொன்று.

தனக்கு மீன் வேண்டும் என்பது நெடுங்காலனுக்கு அப்போது மறந்தே போயிற்று. அவளுக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். நீர் தெளிவாக இருப்பதால்தானே பிடிக்கிறாள்? உடனே, எந்த நாரையும் செய்யாத காரியத்தை அது செய்தது. தான் நிற்கும் நீரைத் தானே கலக்கியது. இரண்டு கால்களாலும் பாறையடிச் சேற்றை மிதித்தது, இறக்கையால் அடித்தது. நீர் குழம்பாகிக் கீழ்ப்பக்கம் ஓடியது.

சேற்றில் மூச்சு முட்டிய மீன்கள் பாறை இடுக்குகளை விட்டுக் கிளம்பின. கீழ்நோக்கித்தான் ஓட முடிந்தது. வெள்ளச்சி நின்றதோ கணுக்கால் ஆழம். மறைய இடமில்லாமல் மீன்கள் முதுகு தெரியத் துள்ளின. பாதத்தை நடுக்கும் வேலைகூட வெள்ளச்சிக்கு இல்லை. சளக், சளக், சளக்.

வயிறு நிறைந்ததும் அது தலை நிமிர்ந்தது. "எனக்காக விரட்டி விட்டீங்களே அண்ணே. நீங்க இவ்வளவு நல்லவர்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சு. பெரிய கெண்டை ஒண்ணுகூட வந்துச்சு. என் அலகுக்கு அடங்கல. அது பாட்டுக்குக் கீழே போயிடுச்சு."

நெடுங்காலன் குனிந்து பார்த்தது. கலங்கிய நீரில் அதன் பாதம் அதற்கே தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கூட்டுக்குப் போனது. இரண்டு நாள் பசிக்கு இன்று எத்தனை மீன் என்று மனைவி கேட்டது.

"பதினேழு" என்று வாய் தவறி வந்துவிட்டது.

மூத்த குஞ்சுகள் இரண்டும் அலகைத் திறந்தன. கடைக்குட்டி தலையைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை.

"எங்கே?"

"அது... வெள்ளச்சி பிடித்தது."

மனைவி அதன் முகத்தைப் பார்த்தது. "நேத்தும் அதைத்தான் எண்ணிக்கிட்டு இருந்தீங்களா?" என்றது. பிறகு இறக்கையை விரித்துக் கடைக்குட்டியை மூடிக்கொண்டது.

மேற்கே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. நெடுங்காலன் ஆற்றுக்குத் திரும்பியது. கலங்கல் வடிந்து நீர் தெளிந்திருந்தது. பாறையின் பின்னால், பழைய இடத்தில், ஓசைப்படாமல் இறங்கியது.

கீழ்ப்பக்கம் சளக் என்றது.

நெடுங்காலன் எண்ணவில்லை. கழுத்தை மடித்து, தன் கால்களுக்கு நடுவே ஓடும் நீரைப் பார்த்தபடி நின்றது.

நீதி: பிறர் அலகையே எண்ணும் கண்ணுக்குத் தன் காலடி மீன் தெரியாது.