எறும்பு மீசையால் கேட்கும் கேள்வி

அந்தக் காலத்தில், வௌவால் பட்டப்பகலில் பறந்து திரிந்தபோது, மழைக்குக் குறி சொல்லும் வேலை அதனுடையது. மேகத்துக்கு அடியில் போய் ஒரு கத்துக் கத்தும். அந்தக் கத்தல் மேகத்திலுள்ள துளிகளில் பட்டுத் திரும்பி வரும். பலமாக வந்தால் பெருமழை, மெல்ல வந்தால் வெறும் தூறல். அவ்வளவுதான் சாத்திரம்! கத்திய வௌவாலுக்கும் அதில் சந்தேகமில்லை, கேட்டவர்களுக்கும் இல்லை.

கண்மாய்க் கரையில் வளை தோண்டிக் குடியிருந்த கட்டெறும்பு ஒருத்திக்கு மட்டும் மனம் நிலைகொள்ளாது. வளைக்குள் முட்டைகள். மழைக்கு முன்னால் மேட்டுக்குத் தூக்க வேண்டும். வீணாகத் தூக்கினால் வெயிலில் காய்ந்துவிடும். பாவம், இருக்கவும் முடியாது, கிளம்பவும் முடியாது.

ஒருநாள் வானம் கறுத்தது. வௌவால் கத்திப் பார்த்துவிட்டு அலறியடித்து வந்தது.

"தாயி, காது கிழியுது! ஊரே முங்கப் போவுது, கெளம்பு!"

எறும்பு முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சுண்டைக்காய் பருமனில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில துளிகள் சொத்சொத்தென்று விழுந்தன. அதோடு சரி. வெயில் பல்லைக் காட்டியது. பாதி முட்டைகள் மேட்டிலேயே காய்ந்து போயின.

அடுத்த மேகம் வந்ததும் எறும்பு வௌவாலிடம் ஓடினாள்.

"மாமா, மண்ணு ஈரமாயிட்டே வருது. மனசு ஒரு எடத்துல நிக்கல. மிச்சத்தத் தூக்கட்டுமா?"

வௌவால் கத்தியது. முனகல்தான் திரும்பி வந்தது.

"ச்சே, வெறும் பூந்தூறல். போன தடவ மாதிரி புள்ளைகளக் காய விடாத. பேசாம இரு."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகுமா? எறும்பு முட்டைகளைத் தொடவில்லை. அதுதான் அவள் செய்த பிழை. வாசலுக்கும் முட்டைகளுக்கும் நடையாய் நடந்தாள். வெளியே மாவு சலிப்பது போலப் பொடிப்பொடியாய்த் துளிகள். கண்ணுக்கே தெரியவில்லை, ஆனால் விடவும் இல்லை. கண்மாய் நிரம்பித் தண்ணீர் வளைக்குள் புகுந்தபோது, அவளால் கவ்வ முடிந்தது ஒரே ஒரு முட்டையைத்தான்.

நனைந்து கனத்த சிறகோடு வௌவால் வந்தது.

"தாயி, பொடித் துளிங்க கோடானுகோடி இருந்திருக்கு. அத்தனையும் சேந்தாலும் நாலு தடியனுங்க போடுற சத்தத்துக்கு ஈடாகல. சத்தத்த வச்சுத் தண்ணிய அளந்துட்டேன்."

எறும்பு முட்டையைக் கீழே வைத்தாள்.

"ஒனக்கு அது கணக்கு மாமா. எனக்குப் புள்ளைங்க. கீழ விழுறது பெரிசா பொடிசான்னு நனஞ்சவங்க ஒருத்தரையாச்சும் கேட்டியா? நானாவது கேட்டிருக்கணும்."

வௌவாலுக்கு முகத்தைக் காட்ட முடியவில்லை. இருட்டான பாழ் மண்டபத்துக்குள் போய்த் தலைகீழாகத் தொங்கியது. எறும்பு மறுபடி முட்டையைக் கவ்விக்கொண்டு மேடேறினாள். எதிரே வந்த ஒவ்வோர் எறும்பையும் நிறுத்தினாள். உன் மேல் விழுந்த துளி பெரிதா, பொடிதா? விட்டதா, இன்னும் விழுகிறதா? வாயில் முட்டை இருந்ததால் மீசையால் தொட்டுத் தொட்டுத்தான் கேட்டாள்.

அன்று முதல்தான் எறும்புகள் எதிரெதிரே வந்தால் ஒரு கணம் நின்று, மீசையால் தொட்டுக் கேட்டுவிட்டு ஓடுகின்றன. வெயில் கொளுத்தும்போதும் கேட்கின்றன. எல்லாம் அந்த ஒற்றை முட்டையின் வம்சம், பிறகு எப்படி நிம்மதியாக இருக்கும்?