உரிக்காத தாள்

எஸ்தாக்கி முதலாளியின் விசைப்படகு புயலில் மூன்று ஆட்களோடு முழுகிப்போனது. அவருடைய வாக்கிடாக்கிகளுக்கு லைசென்ஸ் எடுத்து, கடையிலிருந்து வாங்கிக் கொடுத்த அமலியை அவர் ஊர்க்கூட்டத்தில் நிறுத்தினார்.

“புயல் வருது, திரும்புங்கன்னு பகல்பூரா இந்தச் செட்டுல கூப்பிட்டேன். பதிலே இல்ல. ஏட்டி, படகுக்குப் பழுதான செட்டைக் குடுத்திருக்க. இல்லேன்னா கடல்ல கிடக்குறதைக் கொண்டாந்து காட்டு.”

“அது எதுக்கு முதலாளி? நீங்க கூப்பிட்டது இதுலதானே?”

“இதேதான்.”

அமலி அதை வாங்கிப் பேட்டரியைக் கழற்றினாள். கம்பெனியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் பேட்டரி முனைகளை மூடி அப்படியே இருந்தது.

“இதை உரிக்காம செட்டுக்கு உயிரே வராது முதலாளி.”

செத்தவன் ஒருவனின் பெண்சாதி எழுந்து வந்து, தாளை உரித்து, பேட்டரியை மாட்டி, புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

இந்த முறை செட்டில் விளக்கு எரிந்தது. பதில்தான் வரவில்லை.