ஜெபஸ்தியானா, சுயம்புவா?

“மாஸ்டர், அந்தக் காலத்துல பெரிய பாக்ஸர் யாரு? எங்கப்பாவா, சுயம்புவா?”

கேட்டவர் கித்தேரியான். தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வயது ஐம்பத்தொன்று.

கேட்கப்பட்டவள் பரிபூரணம். அவரைவிடப் பத்து வயது இளையவள். ஒரு காலத்தில் மாநில சாம்பியன். இப்போது பழைய உப்புக் கிட்டங்கி ஒன்றில் குத்துச்சண்டை சொல்லித் தருகிறாள். ஆணோ பெண்ணோ, ஊரே அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

அவள் குத்துச்சண்டை வளையத்தின் கயிற்று முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“இப்ப எதுக்கு அண்ணாச்சி அது?”

“துறைமுகச் சங்கத்துல புது பாக்ஸிங் ஹால் கட்டியாச்சு. வாசல்ல ஒரு பேரு வைக்கணுங்காங்க. ஒரே ஒரு பேரு. நீங்க சொல்லுததுதான் முடிவுன்னு செயலாளரு சொல்லிட்டாரு.”

பையிலிருந்து பழுப்பேறிய பத்திரிகைத் துண்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார்.

அவருடைய அப்பா ஜெபஸ்தியானும் சுயம்புவும் ஐந்து முறை மோதியிருந்தார்கள். ஒவ்வொன்றும் எட்டு ரவுண்டு. இரண்டில் இவர் ஜெயித்தார், இரண்டில் அவர். ஐந்தாவதில் ஏழு ரவுண்டு முடிந்தபோது காற்றும் மழையும் வந்து பந்தலைச் சாய்த்துவிட்டன. அதற்குப் பிறகு அவர்கள் மோதவே இல்லை. இருவரும் செத்துப் பல வருஷம் ஆகிறது.

சண்டை மட்டும் சாகவில்லை. டீக்கடையில் நடந்தது, கல்யாண வீட்டில் நடந்தது. ஒருமுறை ஒரு சாவு வீட்டில்கூட நடந்தது. கித்தேரியானும் சுயம்புவின் மகன் அருணாசலமும் ஒரே துறைமுகத்தில் முப்பது வருஷமாக வேலை பார்த்தார்கள். ஒரு வார்த்தை பேசியதில்லை.

பரிபூரணம் துண்டுகளைத் தொடவில்லை.

“அவங்க சண்டைய நீங்க பாத்திருக்கீங்களா?”

“நான் அப்ப கைக்குழந்தை.”

“அப்பா உங்களுக்குக் குத்துச்சண்டை சொல்லித் தந்தாரா?”

“இல்ல. அடிக்கக்கூட என்னைத் தொட்டதில்ல.”

“வேற யாருகிட்டயாவது, ரிங்குக்குள்ள, ஒரு குத்து வாங்கியிருக்கீங்களா?”

“இல்ல.”

“மூணு ரவுண்டு நின்னு காட்டுங்க. அப்புறம் கேளுங்க, சொல்லுதேன்.”

“எனக்கு வயசு அம்பத்தொண்ணு மாஸ்டர்.”

“அதான் முதல்ல டாக்டருகிட்ட காட்டிட்டு வாங்க. காலைல அஞ்சரைக்கு.”

கித்தேரியான் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தார். கோபத்தில் காது சிவந்திருந்தது.

மறுநாள் அஞ்சு இருபதுக்கு வந்து நின்றார்.

இரண்டாவது வாரம் இன்னொருவர் வந்தார். உயரமான ஆள், முன்வழுக்கை.

“மாஸ்டர், அந்தக் காலத்துல பெரிய பாக்ஸர் எங்கப்பாதானே?”

அருணாசலம்.

பரிபூரணம் அதே கேள்விகளைக் கேட்டாள். அதே பதில்கள் வந்தன. அதே வார்த்தையைச் சொன்னாள்.

கிட்டங்கியின் தெற்கு மூலையில் ஒருவர் கயிறு தாண்டினார். வடக்கு மூலையில் மற்றவர். நடுவில் இருபது பிள்ளைகள் பயிற்சி செய்தார்கள்.

முதல் மாதம் கித்தேரியான் கடற்கரையில் ஓடிவிட்டு மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். பீடியை விட்டார். கைமுட்டி வீங்கி, கிரேனின் நெம்புகோலைப் பிடிக்க முடியாமல் பல்லைக் கடித்தார்.

“உங்கப்பா சண்டைய நீங்க ஏன் போடுதீய?” என்றாள் மனைவி.

அவர் வீங்கிய கையை அவள் முன்னால் நீட்டினார். அவள் வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் வைத்தாள்.

இரண்டாவது மாதம், வயிற்றில் ஒரு குத்து வாங்கியும் குனியாமல் நின்றார். குத்தியது பதினேழு வயதுப் பெண்.

“வலிக்கா அண்ணாச்சி?”

“வலிக்கு. இன்னொண்ணு போடு.”

வடக்கு மூலையில் அருணாசலத்துக்கு முழங்கால் பிசகியது. பத்து நாள் வரமாட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நாலாம் நாள் முழங்காலில் கட்டோடு வந்து, நின்ற இடத்திலேயே மணல் பையைக் குத்தினார்.

கித்தேரியான் அன்று வழக்கத்தைவிட அரைமணி நேரம் கூடுதலாக இருந்தார்.

மூன்று மாதம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. பரிபூரணம் இருவரையும் எதிரெதிரே நிறுத்தப்போகிறாள் என்று ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. சர்ச்சில் பூசை முடிந்து வந்தவர்கள், கோயிலுக்குப் போய் வந்தவர்கள், துறைமுகத்து ஆட்கள் என்று கிட்டங்கி நிறைந்துவிட்டது. பாதிப் பேர் ஜெபஸ்தியான் பக்கம், பாதிப் பேர் சுயம்பு பக்கம். சங்கச் செயலாளர் பெயர்ப்பலகை எழுதுகிறவரையும் கையோடு கூட்டி வந்திருந்தார். அவர் பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

தலைக்கவசம், பெரிய கையுறை. மூன்று ரவுண்டு. ரவுண்டுக்கு இரண்டு நிமிஷம். நடுவர் பரிபூரணமே.

மணி அடித்தது.

முதல் ரவுண்டில் கித்தேரியான் பாய்ந்தார். அப்பாவின் இடதுகைக் குத்து என்று ஊர் சொல்லிக் கேட்டிருந்த குத்தை வீசினார். அது காற்றில் போனது. அடுத்ததும் போனது. மூன்றாவது அருணாசலத்தின் தாடையில் விழுந்தது. கூட்டம் எழுந்து நின்றது.

“ஜெபஸ்தியான்! ஜெபஸ்தியான்!”

இரண்டாவது ரவுண்டில் அருணாசலம் திருப்பித் தந்தார். கித்தேரியானின் விலாவில் ஒன்று. இன்னொன்று. மூக்கில் ஒன்று. கண்ணில் தண்ணீர் முட்டியது. எதிரில் இருப்பவர் இரண்டாகத் தெரிந்தார்.

“சுயம்பு! சுயம்பு!”

கித்தேரியான் மூலைக்கு வந்து உட்கார்ந்தார். பரிபூரணம் மூக்கைத் துடைத்துப் பார்த்தாள்.

“நிறுத்திருவோமா?”

“வேண்டாம்.”

“மூச்சு?”

“இருக்கு.” கொஞ்ச நேரம் இரைத்தார். “மாஸ்டர், இன்னும் ஒரு ரவுண்டுதானே?”

“ஒண்ணுதான்.”

“அப்பாமாருக்கு இதுக்கு மேல ஆறு ரவுண்டு இருந்திருக்கும்.”

அவள் அவர் வாயில் தண்ணீர் ஊற்றினாள்.

எதிர் மூலையில் அருணாசலம் இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

மணி.

மூன்றாவது ரவுண்டில் யாரும் பாயவில்லை. கைகள் ஈரச் சாக்குபோலக் கனத்தன. கித்தேரியான் ஒன்று குத்தினார். அருணாசலம் ஒன்று குத்தினார். ஒருவர் குத்துவதற்கும் மற்றவர் குத்துவதற்கும் நடுவில் நீண்ட நேரம் போனது. இருந்தாலும் யாரும் பின்வாங்கவில்லை. ஒரு அடிகூட.

கூட்டத்தில் பெயர் சொல்லிக் கத்தியவர்கள் அடங்கிவிட்டார்கள். இரைக்கும் சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்டது.

கித்தேரியான் கடைசியாக இடதுகையை வீசினார். அது பட்டது. அருணாசலத்தின் முட்டி மடங்கியது. அப்படியே முன்னால் சாய்ந்தார்.

கித்தேரியான் அவரைக் கட்டிப் பிடித்தார்.

“பிரிங்க!” என்றாள் பரிபூரணம்.

கித்தேரியான் பிரியவில்லை. தோளில் கிடந்த தலை முணுமுணுத்தது.

“எட்டு ரவுண்டு எப்படி நின்னாங்க?”

முப்பது வருஷத்தில் அருணாசலம் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

“தெரியலயே” என்றார் கித்தேரியான்.

மணி அடித்தது. மூன்று ரவுண்டு முடிந்தது. இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

செயலாளர் கயிற்றடியில் வந்து நின்றார்.

“மாஸ்டர், சொல்லுங்க. ஆளு காத்திருக்காரு. எந்தப் பேர எழுத?”

“கேட்டவரு அங்க நிக்காரு” என்றாள் பரிபூரணம். “இப்ப கேக்கட்டும். சொல்லுதேன்.”

எல்லோரும் கித்தேரியானைப் பார்த்தார்கள்.

“என்ன அண்ணாச்சி, கேளுங்க” என்றார் செயலாளர்.

கித்தேரியான் அருணாசலத்தின் அக்குளுக்குள் கையைக் கொடுத்து, நழுவிய உடம்பை மேலே தூக்கிப் பிடித்தார்.

“அது கிடக்கட்டும்” என்றார். “முதல்ல இவருக்கு ஒரு நாற்காலி போடுங்க.”